முந்திப் பாடிய மங்களம்

சிகாமட்
2603 மார்ச் 14

நாடகராணி, ‘செங்கமலவல்லி’ புகழ் செல்வராணி அம்மாள் அவர்களுக்கு,

ஜெகபர் சாதிக் எழுதிக்கொண்டது. நான் நலம். தங்கள் நலத்துக்கு ஆண்டவனிடம் துஆ கேட்கிறேன்.

மேலே 2603 என்று போட்டிருப்பதைப் பார்த்து, எழுதுகிறவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் கணக்கில் 43தான். ஜப்பான்காரன் கணக்கான இந்த நிப்பான் வருஷம் போடாத கடிதம் தபாலாபீசைத் தாண்டாது என்கிறார்கள். இது கையில் வருகிற கடிதம். ஆனாலும் பழகிக்கொள்வது நல்லதில்லையா?

என் பெயரைச் சொன்னால் தங்களுக்குத் தெரியாது. குரலைச் சொன்னால் தெரியும். 1925-இல் தாங்கள் முதன்முதலாக மலாயாவுக்கு வந்து மூவாரில் கொட்டகை போட்டீர்களே, அன்றைக்குச் ‘செங்கமலவல்லி’யில் வரும் உப்புக்காரி தர்க்கப் பாட்டை ஏழு தடவை பாடவைத்தது யார்? அடியேன்தான். ஐந்தாவது தடவையில் ராஜபார்ட்காரர் மேடையிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, “பாய், பசிக்குது” என்றார். நான் விடவில்லை. பொந்தியானில் மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரைச் சத்தத்தில் பாட்டே கேட்காமல் போனபோது, “மழை விட்டப்பறம் முதல்லேருந்து!” என்று பெஞ்சுமேல் ஏறி நின்றதும் நான்தான். தாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே நாலு வருஷம் ஓட்டினேன்.

ரயிலில் கரி தள்ளும் ஐயாசாமிக்கு மாசாயில் மாமியார் வீடு. போன வாரம் என் கடையில் உட்கார்ந்திருந்தவர், “மாசாய்ல ஒரு அம்மா மரவள்ளி தோண்டிக்கிட்டே பாடுது பாய், அலமாக், என்னா குரலுங்கிறீங்க!” என்றார். என்ன பாட்டு என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, மெட்டை முனகிக் காட்டினார். உப்புக்காரி! கையிலிருந்த கிளாசைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். இந்தக் காலத்தில் கிளாசுக்கு எங்கே போவது என்று ரம்லா, அதாவது என் வீட்டுக்காரி, இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நாடகமென்றாலே ஆகாது. “பள்ளிவாசலுக்குப் போகச் சொன்னா இடுப்பு வலி. கூத்துன்னா இருவது மைல் சைக்கிள்” என்பாள்.

கடையில் இப்போது மரவள்ளிக்கிழங்கும் சாயத் தண்ணீர் மாதிரி ஒரு காப்பியும்தான். ரம்லாவின் தம்பி சுப்ஹான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறான். தங்கமானவன். ஒரே குறை, சங்கீதம் என்றால் பத்தாவது நிமிஷம் குறட்டை.

ஐயாசாமியிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். மறுக்கக் கூடாது. தங்கள் தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது தங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை.

என்றும் தங்கள் ரசிகன்,
ஜெகபர் சாதிக்


மாசாய்
2603 ஏப்ரல் 2

சாதிக் பாய் அண்ணனுக்கு,

செல்வராணியின் வணக்கம். கடிதமும் கருவாடும் வந்து சேர்ந்தன. உறைமேல் ‘நாடகராணி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஐயாசாமியின் மாமியார், “இந்தக் கம்பத்துல, இந்தச் சின்ன ஊர்ல, ராணி யாரு?” என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நான்தான் என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை.

அந்த ஏழு ஒன்ஸ்மோர் நீங்கள்தானா? மறுநாள் காறித் துப்பினால் ரத்தம். மூன்று நாள் கஞ்சி, உங்களைத் திட்டிக்கொண்டே குடித்தேன். உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்பார்கள். வாஸ்தவம். உங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் குறைவாக இருந்தால் இன்னும் நாலு வருஷம் கூடப் பாடியிருப்பேன், அதுவும் வாஸ்தவம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை காலம் கழித்து என்னைத் தேடி ஒரு கடிதம் வந்ததே என்று உட்கார்ந்து அழுதேன்.

41 அக்டோபரில் மூன்று மாத ஒப்பந்தத்தில் பன்னிரண்டு பேர் கப்பல் ஏறி வந்தோம். டிசம்பரில் குண்டு விழுந்தது. திரும்பிப் போகக் கப்பல் இல்லை. இப்போது மிச்சம் நானும் ஹார்மோனியம் லெட்சுமணன் அண்ணனும்தான். மற்றவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. பட்டுப் புடவைகள் அரிசியாகிப் போய்விட்டன. அரண்மனை வரைந்த மேடைப் படுதாவைக் கிழித்துத்தான் எங்கள் இருவருக்கும் உடுப்பு. லெட்சுமணன் அண்ணன் முதுகில் ஒரு தூண் இருக்கிறது. என் முந்தானையில் பாதி மயில். அவர் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். அறுபது வயசு, ஆஸ்துமா. பெட்டியை மட்டும் எந்த அரிசிக்கும் கொடுக்க மாட்டேன் என்று தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்.

இனிக் கருவாடு அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டில் வாய்கள் இருக்கின்றன. கடிதம் அனுப்புங்கள்.

அன்புள்ள தங்கை,
செல்வராணி


சிகாமட்
2603 ஜூன் 6

அன்புத் தங்கச்சி செல்வராணிக்கு,

தங்கச்சி என்று எழுதிவிட்டேன். கை கூசவில்லை.

என்னம்மா இது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாலு நாளைக்கு முன் ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ‘நாடகராணி செல்வராணி அம்மாள் நடிக்கும் செங்கமலவல்லி. ஜூன் 26 சனிக்கிழமை, தோக்கியோ நேரம் பகல் மூன்று மணி. ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஸ்டோர். அனுமதி இலவசம். தொழிலாளர் மனமகிழ்ச்சிக்காக நிப்பான் அரசாங்கம் நடத்துவது.’ கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்று தரம் படித்தேன். ஒன்றரை வருஷமாக மரவள்ளியும் அடியும் தவிர வேறெதையும் காணாத ஜனங்களுக்கு நாடகம்! யார் நடத்தினால் என்ன, பாடுகிறவர் நீங்கள் இல்லையா?

நோட்டீஸ் ஒட்டினால் போதுமா? எஸ்டேட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே புறப்பட்டுவிட்டேன். டயருக்குள் துணியைத் திணித்துக்கொண்டு மூன்று நாளில் ஆறு எஸ்டேட். கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் இறங்கி, “செல்வராணி வருது, உப்புக்காரி பாடுது, காசு வேணாம், வந்து சேருங்க” என்று கூவினேன். ஓர் எஸ்டேட்டில் அர்ச்சுனன் என்ற பால்மரத் தொழிலாளி, “பாய், நெசமாவே சும்மாவா காட்றானுங்க?” என்று இரண்டு தடவை கேட்டான். என்னை நம்பு என்றேன். மொத்தத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். எனக்கு இது ஹஜ்ஜுக்கு ஆள் சேர்த்த மாதிரி இருக்கிறது. ரம்லா காதில் விழுந்தால் கொன்றுவிடுவாள்.

சுப்ஹான் வரமாட்டேன் என்கிறான். அவன் மனைவி சபீதாவுக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை. “அவளை உட்டுட்டு நான் எங்க மச்சான் கூத்துக்கு வர்றது?” என்கிறான். விடுவேனா? பகல் ஆட்டம்தானே, விளக்கு வைக்குமுன் வந்துவிடலாம் என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். பிறக்கப்போகும் பிள்ளைக்காவது கொஞ்சம் ஞானம் வரட்டும்.

முன் பெஞ்சில் இடது ஓரம். மறந்துவிடாதீர்கள்.

என்றும் தங்கள் ரசிகன்,
ஜெகபர் சாதிக்


மாசாய்
2603 ஜூன் 13

சாதிக் பாய் அண்ணன் அவர்களுக்கு,

செல்வராணி வணக்கத்துடன் எழுதுவது. ஐயாசாமி இந்த வாரம் வரவில்லை. ஆகையால் தபாலில் அனுப்புகிறேன். வழியில் இதைப் பிரித்துப் படிக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

சர்க்கார் நடத்தும் நாடகத்தில் பாடும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை போன மாதம் வேறோர் ஊரில் பாடினேன். அங்கே ஜனங்கள் நாடகம் பார்த்த பிறகு நெடுந்தூரம் பிரயாணம் போனார்கள்.

அண்ணன் எனக்காக அலைய வேண்டாம். தூரத்து எஸ்டேட்காரர்களுக்கு எதற்குச் சிரமம்? வயசாளிகள் வந்து பார்த்தால் போதும், அவர்களுக்குத்தான் பழைய பாட்டு பிடிக்கும். தங்கள் மச்சானை வற்புறுத்தாதீர்கள். ஏழு மாதக்காரியை விட்டுவிட்டு வருவது சாஸ்திரத்துக்கு ஆகாது. தங்கள் மார்க்கத்திலும் ஆகாது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். என் குரல் பழைய மாதிரி இல்லை. ஆகையால் இந்தத் தடவை மங்களம் முந்தி வரும். மங்களம் பாடினால் ஆட்டம் முடிந்தது என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டவுடன் எல்லோரும் மரியாதையாக எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒன்ஸ்மோர் கூடாது. இதைத் தங்கையின் கட்டளையாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா, தயவுசெய்து இந்த ஒரு தடவை ஒன்ஸ்மோர் கூடாது.

செல்வராணி


சிகாமட்
2603 ஜூன் 19

தங்கச்சிக்கு,

கடிதம் கண்டேன். விழுந்து விழுந்து சிரித்தேன். குரல் போய்விட்டதாம், மங்களம் முந்தி வருமாம்! ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பெரிய கலைஞர்களுக்கு வரும் பயம் இது, எனக்குத் தெரியாதா? மேடையில் வந்து நில்லுங்கள், குரல் தானாக வரும். வராவிட்டால் வரவழைக்க நான் இருக்கிறேன்.

மங்களத்துக்கு எழுந்து போகிற ஜாதி நான் இல்லை அம்மா. மங்களத்துக்குப் பிறகுதான் என் ஆட்டமே ஆரம்பம்.

ஆட்கள் வருவது வருவதுதான். சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது?

சனிக்கிழமை சந்திப்போம்.

தங்கள் ரசிகன்,
ஜெகபர் சாதிக்


சிகாமட்
2603 ஜூலை 4

செல்வராணிக்கு,

இது ஐயாசாமி கையில் வருகிறது. ஆகையால் மனத்தில் உள்ளதை எழுத ஒரு தடையும் இல்லை.

உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஸ்டோரின் ஒரே கதவில் லாரியைப் பின்னால் விட்டு அடைத்தார்கள். பெண்களையும் கிழவர்களையும் துப்பாக்கிக் கட்டையால் ஒரு மூலைக்குத் தள்ளினார்கள். மற்ற ஆண்களை எண்ணி எண்ணி ஏற்றினார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு பேர். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, நரைத்த தாடி. என்னைத் தள்ளிவிட்டார்கள். சுப்ஹானை இழுத்தபோது நான் அந்தச் சிப்பாயின் காலில் விழுந்தேன். காதில் அறைந்தான், அந்தக் காது இன்னும் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். சாமான் ஏற்றுகிற வண்டியில் நின்றபடி அடைத்திருந்தார்கள். சயாமுக்கு ரயில்ரோடு போடவாம். சுப்ஹானின் முகம் ஒரு தடவை தெரிந்தது. “மச்சான், சபீதாகிட்ட இப்ப சொல்லாதீங்க. கடையில வேலையா இருக்கேன்னு சொல்லுங்க” என்றான். அவ்வளவுதான். எப்படிச் சொல்லாமல் இருப்பது? அன்றிரவே சொல்லிவிட்டேன். ரம்லா என் முகத்தில் விழிப்பதில்லை. எஸ்டேட் பெண்கள் கடை வாசலில் வந்து நின்று, “பாய், நீங்கதானே கூப்பிட்டீங்க” என்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நீ தெரிந்தேதான் பாடினாய். அதற்கு முந்தின மாதமே ஓர் ஊரை அனுப்பிவைத்தவள் நீ. பூசி மெழுகி எழுதிய கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தால் எல்லாம் புரிகிறது. அதிலும் அந்த மங்களம்! இரண்டாம் காட்சியிலேயே மங்களத்தைப் பாடிவிட்டு ஓடப் பார்த்தாயே, வேலை முடிந்தது, ஆட்கள் சேர்ந்தாயிற்று, இனி இந்தப் பயல்களுக்கு எதற்கு முழுப் பாட்டு என்றுதானே? உன் குரலைக் குயில் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வேடன் கண்ணியில் கட்டிவைக்கும் பார்வைக் குயில் என்று தெரியாமல் போயிற்று.

பதினெட்டு வருஷம். என் பிழைப்பு, என் தொழுகை, என் வீடு எல்லாவற்றுக்கும் மேலே உன்னை வைத்திருந்தேன். உன் வாயில் மண் விழட்டும்.

ஜெகபர் சாதிக்


மாசாய்
2603 ஜூலை 20

சாதிக் பாய்க்கு,

நீங்கள் திட்டியதில் பாதி எனக்குத் தகும். அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஊரில் எனக்கு ஒன்றும் தெரியாது. அரிசி தருகிறோம், பாடு என்றார்கள். பாடினேன். பாடி முடித்துப் படுதாவுக்குப் பின்னால் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தபோது கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த அரிசியை அன்று ராத்திரி என்னால் தின்ன முடியவில்லை. மறுநாள் தின்றேன். பசி அப்படி.

இரண்டாவது தடவை தெரியும். வரமாட்டேன் என்றேன். அவர்களுக்கு மொழிபெயர்க்கும் ராஜசேகரன் சிரித்துக்கொண்டே, “வேணாம்னா போங்க அக்கா, லெட்சுமணனை அனுப்பிடுவோம். சயாம்ல பொட்டி வாசிக்கட்டும்” என்றான். ஆஸ்துமாக்காரக் கிழவர். ஒருவரைக் காப்பாற்ற இருநூறு பேரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் என் எதிரில் உட்கார்ந்து மரவள்ளி உரிக்கிறார். இதுவரை என் பாதி.

இனி உங்கள் பாதி.

லாரி வருவது ஐந்து மணிக்கு என்பது எனக்குத் தெரியும். நாலு மணிக்கு முன் கூட்டத்தைக் கலைத்துவிட்டால்? எப்படிக் கலைப்பது? ஓடுங்கள் என்று கத்தினால் அங்கேயே சுடுவார்கள். ஜப்பான்காரனுக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு. ராஜசேகரன் பள்ளிக்கூடத்துப் பையன், நாடகம் பார்த்து வளர்ந்தவன் இல்லை. ஆனால் நம் ஜனங்களுக்கு, கைப்பிள்ளைக்குக்கூட, மங்களம் பாடினால் எழுந்து துண்டை உதற வேண்டும் என்று தெரியும். அதனால்தான் உங்களுக்குத் தபாலில் அத்தனை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். மேடை ரகசியத்தைப் பதினெட்டு வருஷ ரசிகர் புரிந்துகொள்ளாமல் யார் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாம் காட்சி முடிந்ததும் லெட்சுமணன் அண்ணனைப் பார்த்தேன். சுருதியை மாற்றினார். பாடினேன். என் ஆயுசில் மங்களத்தை அவ்வளவு தெளிவாகப் பாடியதில்லை. என்ன நடந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசை எழுந்தது. பிறகு நடு வரிசை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். வாசலில் நின்ற இரண்டு சிப்பாய்களும் வழிவிட்டார்கள். பத்துப் பேர் வெளியே போய்விட்டார்கள் பாய். நான் எண்ணினேன். லெட்சுமணன் அண்ணன் பெட்டியை மூடினார்.

அப்போது ஒரு குரல் கேட்டது.

“ஒன்ஸ்மோர்! என்னம்மா பாதியில மங்களம்? உப்புக்காரி எங்க? உக்காருங்கய்யா எல்லாரும், தங்கச்சி பாடும்!”

எழுந்தவர்கள் நின்றார்கள். சிரித்தார்கள். கை தட்டினார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வெளியே போனவர்களில் நாலு பேர்கூடத் திரும்பி வந்தார்கள். ராஜசேகரன் படுதா ஓரத்திலிருந்து, “ஜனங்க கேக்கிறாங்களே, பாடுங்க” என்றான். பாடினேன். நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் பாடினேன். மூன்றாவது தடவை முடியும்போது மணி ஐந்து.

அந்தக் குரலைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாலும் எனக்குத் தெரியும்.

மங்களம் பாடி ஓடப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடத்தான் பார்த்தேன். உங்கள் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு.

உங்கள் மச்சான் திரும்பி வர வேண்டும் என்று தினமும் விளக்கேற்றுகிறேன். சபீதாவுக்குப் பிள்ளை பிறந்ததும் என்ன பிள்ளை என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

செல்வராணி


மாசாய்
1945 அக்டோபர் 28

சாதிக் பாய் அவர்களுக்கு,

இரண்டு வருஷமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று நானும் எழுதவில்லை.

ஜப்பான்காரன் போய்விட்டான். லெட்சுமணன் அண்ணனும் போன தை மாதம் போய்விட்டார். யாருக்காகப் பாடினேனோ அவரும் மிஞ்சவில்லை. ஊர் திரும்புகிறவர்களுக்கு அடுத்த மாதம் கப்பலில் இடம் தருகிறார்களாம். என் பெயரும் பட்டியலில் இருக்கிறது.

போவதற்கு முன் சிகாமட்டுக்கு வந்து சபீதாவைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லை. நடந்ததை நடந்தபடி அவளிடம் என் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அறைந்தால் வாங்கிக்கொள்கிறேன். சுப்ஹான் வந்துவிட்டாரா? வந்திருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவேன். எந்த நாள் வரலாம் என்று எழுதுங்கள்.

செல்வராணி


சிகாமட்
1945 நவம்பர் 9

செல்வராணி அம்மாள் அவர்களுக்கு,

சுப்ஹான் வரவில்லை. போன நூற்றுத் தொண்ணூற்றாறு பேரில் முப்பத்தொரு பேர் வந்திருக்கிறார்கள். அர்ச்சுனன் வந்தான், ஒரு கால் இல்லாமல். சுப்ஹான் முதல் மழையிலேயே வாந்திபேதியில் மவுத்தாகிவிட்டதாகவும், தானே மூங்கில் வெட்டிக் குழி தோண்டியதாகவும் சொன்னான். சபீதா கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா இருக்கிறாள். பிறந்தது பெண். ஜூலேகா என்று பெயர். என்னைத்தான் வாப்பா என்று கூப்பிடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையில் இருக்கும் ஒரே ஆண் நான்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அதை இப்போது எழுதுகிறேன். நீங்கள் மங்களம் பாடியதும் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சுப்ஹான் விழித்துக்கொண்டான். ஆட்டம் முடிந்தது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். “நான் முன்ன போறேன் மச்சான், அவ தனியா இருப்பா” என்றான். நான் அவன் கைலியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். “அடச் சீ, உக்காரு, இனிமேத்தான் பாட்டு” என்றேன். அவன் உட்கார்ந்தான். மரியாதைக்காரப் பயல். மறுபடி எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாலும் தெரியும் என்று எழுதிய அந்தக் கடிதம் வந்த அன்று, ஐயாசாமி அதை என்னிடம் கொடுத்தபோது சபீதா பார்த்துவிட்டாள். “காக்கா, அந்தப் பொம்பளை என்ன எழுதியிருக்கு? வாசிங்க” என்றாள். காக்கா என்றால் எங்களில் அண்ணன். அவளுக்கு அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், ஓதத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. ரம்லாவுக்கு அதுவும் தெரியாது. நிறைமாதக்காரி எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசித்தேன். அரிசியை வாசித்தேன். லெட்சுமணனை வாசித்தேன். மங்களம் வந்தது. அதை விட்டுவிட்டேன். ‘கூட்டத்தில் யாரோ ஒருவன் இன்னும் பாடு என்றான், அரிசி கூடக் கிடைக்கும் என்று நானும் பாடினேன்’ என்று வாசித்தேன்.

ஆமாம். அப்படித்தான் வாசித்தேன். இரண்டு வருஷமாக அவள் உங்களைத்தான் சபிக்கிறாள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்திச் சபிக்கிறாள். உங்களையும் அந்த யாரோ ஒருவனையும். பக்கத்தில் நின்று நான் ஆமீன் சொல்கிறேன். எஸ்டேட் பெண்களிடமும் அந்தக் கதைதான். அந்தக் கூத்தாடிச்சி நம்மையெல்லாம் ஏமாற்றிவிட்டாள், பாயும் ஏமாந்துபோனார் என்று இப்போது என்மேல் இரக்கப்படுகிறார்கள். ரம்லாவும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

போன வருஷம் சபீதா திரும்பவும் கேட்டாள். மறுபடி வாசித்தேன். “காக்கா, போன தரம் யாரோ ஒருத்தன்னு வாசிச்சீங்க. இப்ப சில பேருங்கிறீங்க” என்றாள். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்றேன். மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டு அன்னபூரணி ஆச்சியிடம் தமிழ் எழுத்துப் படிக்கப் போக ஆரம்பித்தாள். அடுப்புச் சாம்பலைப் பரப்பி, விரலால் எழுதி எழுதிப் பழகினாள். எதற்கம்மா இது என்று கேட்டேன். “புள்ளைக்குச் சொல்லித்தர வேணாமா” என்றாள்.

அந்தக் கடிதத்தை எரித்துவிட்டேன். கறையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

நீங்கள் வந்தால் கேட்பாள். நீங்கள் சொல்லிவிடுவீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது நிம்மதி. கப்பல் ஏறிப் போய்விடுவீர்கள். நான் இந்த வீட்டில் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளை என்னை வாப்பா என்று கூப்பிட வேண்டும். நான் கோழை. பெரிய ரசிகன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் இவ்வளவுதான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பழியை நீங்களே சுமந்துகொண்டு போய்விடுங்கள். உங்களுக்கு இங்கே யாரும் இல்லை.

வர வேண்டாம். ரயில் சிகாமட்டில் நின்றாலும் இறங்க வேண்டாம். கடிதமும் எழுத வேண்டாம். நேற்று கடை வாசலில் புதிதாக மாட்டிய போர்டை சபீதா எழுத்துக் கூட்டி, தப்பில்லாமல், முழுசாக வாசித்துவிட்டாள்.

ஜெகபர் சாதிக்